உள்பக்கம் திறக்கும் பழைய தேக்கு நிலைக்கதவை விழா வீட்டுக்காக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மேலவீதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், என் கொள்ளுத்தாத்தா பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கட்டிய வீடு பங்காளிகள் நால்வருக்குப் பொதுவாக இருக்கிறது. முகப்பின் நிலைக்கதவு பர்மாத் தேக்கு. நிலையின் தலைப்பில் இருபுறமும் யானைகள் நீராட்ட, நடுவில் திருமகள் அமர்ந்திருக்கிறாள். இரட்டைக் கதவின் இரு பலகைகளிலும் பித்தளைக் குமிழ்கள் வரிசையாக அடிக்கப்பட்டுள்ளன. கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி எனப்படும் மர முளையில் சுழல்கிறது. உள்ளே மேல்தாழ், கீழ்த்தாழ், நடுவில் குறுக்குச் சட்டம் என மூன்று அடைப்புகள் உண்டு. அப்பத்தா விடியற்காலையில் அந்தச் சட்டத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கும் ஓசையைக் கேட்டுத்தான் நாங்கள் கண் விழிப்போம்.

பூட்டியே கிடந்தால் வீடு பாழாகிவிடும் என்பதால், அறுபதாம் கல்யாணம், பெயர் சூட்டு விழா போன்றவற்றுக்கு வாடகைக்கு விடலாம் என்று பங்காளிகள் முடிவு செய்திருக்கிறோம். அனுமதி தொடர்பாக நாங்கள் கலந்து பேசியவர், மக்கள் கூடும் இடத்தில் வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்றும், முகப்புக் கதவைக் கழற்றித் திருப்பி மாட்டும்படியும் சொல்கிறார். சித்தப்பா ஒருவர் அதை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போடலாம் என்கிறார். இன்னொருவர் எதையும் தொடக்கூடாது என்கிறார். கதவைத் திருப்பி மாட்ட முடியுமா? முடியாதென்றால் வேறு வழி உண்டா? ஒரு முழ உயரத்துக்குச் சற்றே குறைவான வாசற்படியை என்ன செய்வது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுண்ணாம்புக்காரை:

வணக்கம் ஐயா. நான் கட்டடப் பொறியாளர். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கதவின் மீது யாரையும் உளி வைக்க விடாதீர்கள். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட விதி சரியானது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் எதை மாற்றலாம், எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

1883ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா ஹால் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி முடிந்து மேடையில் பரிசுகள் கொடுக்கத் தொடங்கியபோது, மாடியில் இருந்த குழந்தைகள் அவற்றை வாங்கும் ஆவலில் படிக்கட்டில் ஓடி வந்தார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. அதுவும் ஒரு பிள்ளை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னால் வந்தவர்கள் சிக்க, பின்னால் வந்தவர்கள் மேலே விழ, 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே தீயே இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டம் நெருக்கும்போது உள்நோக்கித் திறக்கும் கதவை இழுக்க ஓரடி இடம்கூடக் கிடைக்காது. எத்தனை பலசாலியும் அதைத் திறக்க முடியாது. அந்தத் துயரத்தின் பின்விளைவாக, உடலால் தள்ளினாலே தாழ் விடுபடும் அமைப்பு ஒன்றுக்கு ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் 1892இல் காப்புரிமை பெற்றார்.

சிக்காகோவின் இரோக்வா நாடக அரங்கம் தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்டு, திறந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில் 1903 டிசம்பர் 30 அன்று எரிந்தது. 602 பேர் இறந்தார்கள். சில வழிகள் திரைச்சீலைகளால் மறைந்திருந்தன, சில வழிகளில் மடக்குக் கம்பிக்கதவுகள் பூட்டப்பட்டிருந்தன, சில கதவுகளில் பொதுமக்கள் அதுவரை கண்டிராத வகைத் தாழ்கள் இருந்தன. அன்று அந்த நாடகத்துக்குப் போகவிருந்து வேலை காரணமாகப் போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற தாழ்ப்பாள் வணிகர். அவரும் ஹென்றி டூபான்ட் என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய அமுக்குச் சட்டம், வானகட் என்ற இரும்புச் சாமான் விற்பனை நிறுவனத்தின் வழியாக 1908இல் விற்பனைக்கு வந்தது. மூவர் பெயரின் துண்டுகளையும் இணைத்த 'வான் டூப்ரின்' என்ற பெயர் இன்றும் அத்தகைய கருவிகளில் இருக்கிறது. இன்று திரையரங்குகளில் கதவின் குறுக்கே இடுப்பளவில் நீங்கள் பார்க்கும் நீண்ட சட்டம் அந்த வழியில் வந்ததுதான். அதற்குக் கைப்பிடியைத் திருகவோ, தாழைத் தேடவோ, எழுத்தைப் படிக்கவோ வேண்டியதில்லை. இருட்டில், புகையில், பின்னாலிருந்து தள்ளப்பட்டு வந்து மோதும் மனிதரின் உடலே கதவைத் திறந்துவிடுகிறது.

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்காம் பகுதி இதைப் பேசுகிறது. வெளியேறும் கதவு அறையிலிருந்து வெளிநோக்கித் திறக்க வேண்டும். உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 50 பேருக்குக் குறையாமல் கூடும் இடம் கூட்டக் கட்டடமாகக் கருதப்படும். அத்தகைய இடத்தில் வெளியேறும் கதவின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக்கூடாது. இந்த அகலத்தைப் பாருங்கள். உங்கள் முகப்புக் கதவு பெரும்பாலும் நான்கடிதான் இருக்கும். ஆகவே அதைத் திருப்பி மாட்டினாலும் விதி நிறைவேறாது, கதவும் கெட்டுப்போகும்.

உங்கள் பகுதி வீடுகளுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. முகப்பில் நின்றால் வளவு (முதல் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னுள்ள பகுதி) எல்லாவற்றையும் தாண்டி, அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல்வரை ஒரே நேர்கோட்டில் பார்வை செல்லும். காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் அமைந்த அந்த ஒழுங்கு, ஆபத்து வேளையில் அந்நியருக்கும் வழி காட்டும். அதைக் கெடுக்காமல், இரண்டாங்கட்டின் பக்கச் சுவரில், சிற்பமோ ஓவியமோ இல்லாத இடமாகப் பார்த்து, சந்துப் பக்கமோ தோட்டப் பக்கமோ 2 மீட்டர் அகலத்தில் புதிய வாசல் திறந்து, வெளிநோக்கித் திறக்கும் இரட்டைக் கதவும் அமுக்குச் சட்டமும் பொருத்துங்கள். பழைய செங்கல் சுவர் கனமானது. முதலில் மேலே விட்டம் கொடுத்துத் தாங்கிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். முகப்புக் கதவை விழா நடக்கும் நேரம் முழுவதும் விரியத் திறந்து, இரு பலகைகளையும் சுவரோடு கொக்கியிட்டு நிறுத்திவிடலாம். வழிகளின் எண்ணிக்கையையும் முழுத் திட்டத்தையும் தீயணைப்புத் துறையினரை நேரில் அழைத்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். இறுதிச் சொல் அவர்களுடையது.

தச்சர்மகன்:

பொறியாளர் ஐயா சொன்னதற்கு மரவேலை பக்கத்திலிருந்து என் சொல்லையும் சேர்க்கிறேன். குடுமிக்கதவைத் திருப்பி மாட்டவே முடியாது. குடுமி என்பது கதவுப் பலகையின் ஓரச் சட்டத்திலேயே செதுக்கி எடுத்த முளை. அது சுழலும் குழிகள் நிலையின் உள்பக்கத்தில் இருக்கின்றன. கதவு வந்து பதியும் காடியும் உள்பக்கமே வெட்டப்பட்டிருக்கிறது. வெளிப்பக்கம் திறக்க வேண்டுமானால் நிலையின் சிற்பங்களை வெட்டி எறிந்து புதுக் காடி எடுக்க வேண்டும். கதவைத் திருப்பினால் குமிழ்கள் வீட்டுக்குள்ளும் தாழ்கள் தெருவிலும் போய் நிற்கும். இதைச் செய்யச் சொல்பவர் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

கதவு தரையில் உரசினால் அடியைச் சீவாதீர்கள். பெரும்பாலும் கீழ்க் குடுமியோ அது உட்காரும் குழியோதான் தேய்ந்திருக்கும். இருவர் பலகையைத் தூக்கிப் பிடிக்க, குழியில் பித்தளை வில்லை ஒன்றை இட்டால் கதவு பழைய உயரத்துக்கு வந்துவிடும். பழைய பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகிவிடும். பென்சில் கரித்தூள் போதும். குமிழ்களைப் புளியால் துலக்குவது நல்லதுதான், ஆனால் உடனே ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். புளிப்பு மரத்தில் இறங்கினால் கறை நிற்கும்.

தீயைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லியாக வேண்டும். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தங்கி, யாரும் நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். என் தந்தையார் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று.

வளவுமுற்றம்:

நூறு ஆண்டுகளாக அந்த வீட்டில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கும், எதுவும் ஆகவில்லை. பக்கச் சுவரை உடைப்பதும் வீட்டைச் சிதைப்பதுதானே? மேலும், இரண்டு அங்குலத் தேக்குப் பலகையைவிடத் தீயைத் தாங்கும் கதவு இன்று எங்கே கிடைக்கிறது? விதிகளின் பெயரால் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக முகம் இழப்பதைப் பார்த்து மனம் வெதும்பித்தான் இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்காரை:

உங்கள் வேதனை எனக்கும் உண்டு ஐயா. கனமான தேக்கு மெதுவாகத்தான் கருகும் என்பது உண்மை. நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவே உள்ளே இறங்கும். ஆனால் தீத்தடுப்புக் கதவு என்று சான்று பெறுவது பலகை மட்டுமல்ல; நிலை, கீல், தாழ், இடைவெளி அனைத்தையும் சேர்த்து உலையில் சோதிக்கிறார்கள். பழைய கதவில் இரு பலகைகளுக்கு நடுவிலும் அடியிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கொல்லும் புகை அந்த வழியே வந்துவிடும். சான்று பெற்ற கதவின் ஓரங்களில் வெப்பம் பட்டதும் ஊதிப் பெருத்து இடைவெளியை அடைக்கும் பட்டை பதித்திருப்பார்கள். கதவு தானாகவே மூடிக்கொள்ளும் கருவியும் இருக்கும்.

முன்பு அந்த வீட்டில் கூடியவர்கள் உறவினர்கள். எந்தத் தாழ் எப்படித் திறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே அறிந்தவர்கள். இனி வருபவர்கள் அன்றுதான் அந்த வீட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்கள். அவர்களோடு குளிர்சாதனக் கருவி, ஒலிபெருக்கி, அலங்கார விளக்கு, எரிவாயு அடுப்பு எல்லாம் வருகின்றன. சுவரில் கை வைக்கவே மனமில்லை என்றால், ஒரு விழாவுக்கு வருவோர் எண்ணிக்கையை 50க்குக் கீழே வைத்துக்கொள்வது நேர்மையான மாற்று வழி. எண்ணிக்கையும் குறையாமல், வழியும் இல்லாமல் நடத்துவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

செம்பருத்தி:

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தின்போது மண்டபத்தின் சமையல்கூடத்தில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. பந்திக்கூடம் முழுதும் புகை. பக்கவாட்டுக் கதவு வெளிநோக்கித் திறப்பதுதான், அகலமானதுதான், மேலே பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் அழைப்பில்லாதவர்கள் வந்து சாப்பிட்டுவிடுவார்கள் என்று அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சமையல்காரர் ஒருவர் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்ததால் எல்லோரும் தப்பினோம். என் மடியில் அப்போது ஆறு மாதக் குழந்தை இருந்தது.

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் பற்றிய தீ மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். டில்லியில் உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று இறந்த 59 பேரில் பலர், கூடுதல் இருக்கைகளுக்காக ஒரு வழி அடைக்கப்பட்ட மாடியில் சிக்கியவர்கள். ஆகவே, தம்பி, எவ்வளவு நல்ல கதவு வாங்கினாலும் அதற்குச் சங்கிலி போட மாட்டோம் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சமையல்காரர்கள் அந்த வாசலில் பாத்திரமும் நாற்காலியும் அடுக்காதபடி பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். திருடர் பயம் இருந்தால், வெளியிலிருந்து சாவியாலும் உள்ளிருந்து அமுக்கினாலும் திறக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெளியே அது பூட்டிய கதவாகவே இருக்கும். நம் வீடுகளில் இரவில் உள்பக்கம் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறோமே, அதுவும் இதே தவறுதான்.

மேலவீதி:

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று பங்காளிகளுக்கு இந்த உரையாடல் முழுவதையும் படித்துக் காட்டினேன். திருப்பி மாட்டும் பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டாங்கட்டில் பழைய நெல் அறையின் சுவர் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. அங்கே எந்த வேலைப்பாடும் இல்லை. அந்த இடத்தில் வாசல் எடுக்கலாமா என்று பார்க்கத் தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை 50 பேரோ அதற்கு மேலோ கூடும் விழாவுக்கு வீட்டைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வாசற்படியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே.

தச்சர்மகன்:

படியை அறுக்க வேண்டாம். அறுத்தால் நிலையின் இரு கால்களும் விலகத் தொடங்கும். விழா நாட்களில் மட்டும் இருபுறமும் சரிவுப் பலகை போட்டு எடுத்துவிடலாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் கொடுத்தால்தான் சக்கர நாற்காலியில் வருபவர்கள் சிரமமின்றி ஏற முடியும்; திண்ணைக்கு முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளந்து எழுதுங்கள். இடம் போதாவிட்டால், தோட்டப் பக்கம் எடுக்கும் புதிய வாசலையே படியில்லாமல் தரை மட்டத்தில் அமைத்து, நடக்க முடியாத பெரியவர்களை அந்த வழியாக அழைத்து வரலாம்.