ஒயின் 8.5 பிரிக்ஸில் நின்றுவிட்டது, மறுபடி ஈஸ்ட் போடவா?

சரிவுக்கொடி:
மலைச்சரிவில் நூற்றுச் சொச்சம் சிவப்புத் திராட்சைக் கொடிகள். கவாத்து, களையெடுப்பு எல்லாம் நானும் மனைவியும்தான். நட்டு நான்கு வருடம், இது முதல் ஒயின். மேட்டு வரிசைகள் பத்து நாள் முன்னதாகவே பழுத்துவிட்டன. கீழ் வரிசைகளுக்காகக் காத்திருந்து மொத்தமாகப் பறித்தேன். சாற்றின் சர்க்கரை அளவு 24 பிரிக்ஸ். ஈஸ்ட் போட்ட இரண்டாம் நாளே தோலெல்லாம் மேலே திரண்டு நின்றது. தினம் மூன்று வேளை அமுக்கிவிட்டேன். ஒன்பதாம் நாள் 8.5. அதற்கப்புறம் நான்கு நாளாக ரிஃப்ராக்டோமீட்டர் அசையவே இல்லை, தொட்டியின் சூடும் தணிந்துவிட்டது. பாதியில் செத்துப்போச்சா?

குளிர்காற்று:
தொட்டி எத்தனை டிகிரி? 15க்குக் கீழே போனால் ஈஸ்ட் சோம்பிவிடும். போர்வை சுற்றிப் பாருங்கள்.

பழைய பீப்பாய்:
போர்வையும் வேண்டாம், ஈஸ்டும் வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதைப் பார்த்துச் சர்க்கரையைக் கணிக்கிறது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும், அது அந்தக் கருவிக்குத் தெரியாது. எந்த நாளில் பறிப்பது என்று முடிவு செய்ய அதைவிட நல்ல கருவி இல்லை. நொதிக்கத் தொடங்கிவிட்டால் அதன் பேச்சைக் கேட்காதீர்கள். 24-இல் தொடங்கி 8.5-இல் நின்றால் பெரும்பாலும் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள். 0.995 பக்கம் காட்டினால் முடிந்தது, 1.020 என்றால்தான் கவலை. அதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். உண்மையிலேயே 8.5 பிரிக்ஸ் சர்க்கரை இருந்தால் சாறு மாதிரி தித்திக்கும்.

எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. முதல் வருடம் இதே எண்ணைப் பார்த்துப் பயந்து, இரண்டு முறை ஈஸ்ட் போட்டு, தோலோடு மூன்று வாரம் திறந்த தொட்டியில் வைத்திருந்தேன். நொதிப்பு ஓய்ந்தால் மேலே காவலுக்கு நிற்கும் கரியமில வாயுவும் போய்விடும். காற்று புகுந்து எல்லாம் வினிகர். அண்டாவைக் கழுவியும் வாடை போகவில்லை.

அப்புறம், அந்தப் பத்து நாள். சரிவில் மேல்மண் கீழே இறங்கிவிடும். மேட்டில் மண் மெலிந்து தண்ணீர் நிற்காது, பழம் சிறுத்துச் சீக்கிரம் இனிக்கும். இரவில் குளிர்காற்று கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். அடியில் வேலியோ புதரோ அடர்ந்திருந்தால் கொஞ்சம் திறந்துவிடுங்கள், காற்று வெளியேறட்டும். அடுத்த வருடம் இரண்டையும் தனித்தனியாகப் பறியுங்கள்.

சரிவுக்கொடி:
0.994! இனிப்பே இல்லை. இன்று காலையே பிழிந்து ஜாடிகளில் விளிம்புவரை நிரப்பிவிட்டோம். கீழ்ப்பக்கம் முள்வேலியோடு புதரும் இருக்கிறது, நான்தான் வளர்த்தேன். ஆனால் புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது. ஒயின் கெடாமலிருக்கச் சல்ஃபைட் போட்டு மூடிவிடட்டுமா?

பழைய பீப்பாய்:
இப்போது போடாதீர்கள். மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாவுக்குச் சல்ஃபைட் ஆகாது. வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியை மாட்டி 20 டிகிரி பக்கம் வைத்திருங்கள். சில வாரம் சின்னச் சின்னக் குமிழி வரும், புளிப்பு மெல்லத் தணியும். அது ஓய்ந்த பிறகு சல்ஃபைட். இந்தத் தடவை போர்வை சுற்றலாம்.