பூட்டிக் கிடக்கும் பழைய நீதிமன்றக் கட்டடம்: சட்டம் அதைக் காக்குமா?

ஊவா வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நகரின் நீதவான் நீதிமன்றம் புதிய கட்டடத் தொகுதிக்கு மாறிய பின்னர், பிரித்தானியர் காலத்துப் பழைய கட்டடம் பூட்டியே கிடக்கிறது. ஓடுகள் விலகி, ஒரு பக்கச் சுவரில் மழைநீர் இறங்கத் தொடங்கிவிட்டது. அதை இடித்து வாகனத் தரிப்பிடம் அமைக்கப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. நூறு வருடங்களைத் தாண்டிய அரச கட்டடம் என்பதால் தொல்பொருள் சட்டம் தானாகவே காக்கும் என்கிறார்கள் சிலர், அது சரியா? வெள்ளைக்காரர் கட்டியதன் மேல் தோட்ட மக்களுக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கண்டிச் சட்டத்தரணி:
தானாகக் காக்காது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னமாகக் கொள்வது 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே. அது கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள். மலையகத்தின் காலனித்துவ நீதிமன்றங்களோ அந்த ஒப்பந்தத்தின் பின்விளைவாக எழுந்தவை. கண்டிப் பிரதேசங்களுக்கெனத் தனியே இருந்த நீதி நிர்வாகம் 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தோடு முடிவுற்று, தீவு முழுவதற்கும் பொதுவான மாவட்ட நீதிமன்றங்கள் ஏற்பட்டன. ஆகவே, அக்கட்டடங்கள் எல்லாமே அந்தத் திகதியின் மறுபக்கத்தில் நிற்கின்றன. ஒப்பந்தம் நிறைவேறிய மகுல் மடுவவிலும் பிரித்தானியர் நீதிமன்றம் நடத்தினார்கள் என்றாலும், அது கண்டி மன்னர்களின் அரசவை மண்டபம் என்பதால் அதன் நிலை வேறு.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி வர்த்தமானி அறிவித்தல். நூறு வருடங்களுக்கு மேற்பட்ட கட்டடமொன்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அமைச்சர் பிரகடனம் செய்யலாம். பழைய நில அளவை வரைபடம், புகைப்படங்கள், கட்டிய காலத்தைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றை இணைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதுங்கள். பிரதியைப் பிரதேச செயலகத்திலும் ஒப்படைத்துப் பதிவுச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள்.

தோட்ட வரலாற்று மாணவர்:
இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் செல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அப்படித் தோட்டத்தை விட்டு ஓடியவர்களை நிறுத்தி விசாரித்த இடங்கள், நீதவான் நீதிமன்றங்களுக்கு முன்னோடியான பொலிஸ் நீதிமன்றங்களே. தோட்டத் துரையிடமிருந்து "துண்டு" எனப்பட்ட விடுவிப்புச் சீட்டைப் பெறாதவருக்கு அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை என்ற முறையும் 1921 இல்தான் ஒழிந்தது. ஆகவே, "எழில்மிகு காலனித்துவக் கட்டடம்" என்று பெயர்ப் பலகை மாட்டி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே தண்டிக்கப்பட்டவர்கள் யார் என்பதையும் அந்தப் பலகை சொல்ல வேண்டும்.

அதற்கான சான்று சுவரில் இல்லை, வழக்கேட்டில் இருக்கிறது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத நம் மூதாதையரின் பெயரும் வாக்குமூலமும் பல இடங்களில் அந்தக் கட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். இடமாற்றத்தின்போது பழைய கட்டுகள் எங்கே கொண்டுசெல்லப்பட்டன என்று நீதிமன்றப் பதிவாளரிடம் முதலில் விசாரியுங்கள். 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கண்டியில் கிளை உண்டு.

கட்டடப் பராமரிப்பாளர்:
கடிதத்துக்குப் பதில் வரும்வரை மழை காத்திராது. அனுமதி பெற்று, விலகிய ஓடுகளைச் சீர்செய்து, பீலிகளில் அடைந்த இலைகளை அகற்றுங்கள். கூரை மரங்களில் கறையான் ஏறியுள்ளதா என்றும் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் சீமெந்து பூச மட்டும் யாரையும் விடாதீர்கள்: உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையும் செங்கல்லையும் அரித்துவிடும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தத் திருத்தத்தால் கெட்ட கட்டடங்கள் மலையகத்தில் ஏராளம்.

பயன்பாடும் முக்கியம். 1894 இல் கட்டப்பட்ட நுவரெலியா தபால் நிலையத்தை ஹோட்டல் திட்டத்துக்கு வழங்க முற்பட்டபோது, 2023 இல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். அங்கே நாள்தோறும் வேலை நடந்தது. அதனால் உரிமை கோரவும் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் கட்டடத்துக்கு மத்தியஸ்த சபை அல்லது நூலகம் போன்ற ஒன்றை இப்போதே முன்மொழிந்து, அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.