மச்சாள் என்பதை ஸ்பானிய மொழியில் எப்படி எழுதுவது?

கேள்வி (உப்புவெளியிலிருந்து):
ஸ்பெயினில் மணமுடித்த என் அக்காவின் மாமனாரும் மாமியாரும் தை மாதம் திருகோணமலைக்கு வரவிருப்பதால், வீட்டாரை அறிமுகம் செய்து ஸ்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அகராதியில் கணவருக்கு ‘மரிதோ’, ‘எஸ்போசோ’ என்றும், மனைவிக்கு ‘முஹேர்’, ‘எஸ்போசா’ என்றும் இருக்கிறது. எதை எழுதினால் மரியாதை குறையாது? என் மச்சாளை ‘ப்ரிமா’ என்று எழுதலாமா? அவர் தாய்மாமாவின் மகள். இப்போது என் அண்ணாவின் மனைவி.

பதில் (மாட்ரிட்டிலிருந்து):
தங்கச்சி, ஸ்பெயினில் வீட்டுப் பேச்சில் ‘மரிதோ’, ‘முஹேர்’ இரண்டுமே இயல்பானவை. ‘முஹேர்’ என்பது பொதுவாகப் பெண்ணையும் குறிக்கும் என்றாலும், ‘மி முஹேர்’ என்று ஒருவர் தம் மனைவியைச் சொல்வதை இங்கே எவரும் இழிவாகக் கொள்வதில்லை. லத்தீன் அமெரிக்காவில் பலர் ‘எஸ்போசா’ என்பதையே மதிப்பான சொல்லாகக் கருதுவார்கள். ‘எஸ்போசோ’ லத்தீனில் வாக்களித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. சற்று முறைசார்ந்த ஒலியுடையது. முதல் கடிதத்துக்கு அதுவே பொருந்தும். ‘பரியேந்தெஸ்’ என்பதைப் பெற்றோர் என்று எண்ணிவிடாதீர்கள், அது உறவினர். பெற்றோர் ‘பாத்ரெஸ்’.

பதில் (திருகோணமலை, ஓய்வுபெற்ற மொழியாசிரியை):
மகள், மச்சாள் விடயத்தில் நிதானம் வேண்டும். நமக்கு அவர் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மச்சாள்தான். ஸ்பானியத்திலோ முன்பு ‘ப்ரிமா’, பின்பு ‘குன்யாதா’. முதலில் ‘குன்யாதா’ என்று எழுதி, தாய்மாமாவின் மகளென்று அடுத்த வரியில் விளக்குங்கள். நேரடி மாமன் மகளை ‘ப்ரிமா எர்மானா’ என்றும் சொல்வார்கள். அதில் உள்ள ‘எர்மானா’ சகோதரியைக் குறிக்கும் சொல் என்பதால் நம் காதுக்கு முறையே பிசகியதுபோல் தோன்றும். அங்கே அது நெருக்கத்தை மட்டுமே காட்டுகிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ‘தியோ’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், ‘அப்பாவின் மூத்த சகோதரர்’ என்பதுபோல் பக்கத்தில் விரித்தெழுதாவிட்டால் யார் எவரென்று அவர்களுக்கு விளங்காது. ஆனால் சம்பந்திக்கு அவர்களிடம் ‘கொன்சுவேக்ரோ’, ‘கொன்சுவேக்ரா’ என்று தனிச்சொற்களே இருக்கின்றன. சகலனுக்குக்கூட ‘கொன்குன்யாதோ’ உண்டு. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இப்படி ஒற்றைச் சொல் கிடையாது.

கேட்டவர்:
மிக்க நன்றி, ரீச்சர். அண்ணியாகிவிட்ட என் மச்சாளுக்கு இரண்டு வரிகள் ஒதுக்கிவிட்டேன். அம்மா அடுப்படியில் தேங்காய் துருவியபடியே ‘கொன்சுவேக்ரா’ என்று பழகிக்கொண்டிருக்கிறார். ‘க்ரா’வில் மட்டும் இன்னும் நா தடுக்குகிறது.