மரம் செதுக்கும் மெஷினில் சக் ஆட்டம்: எனக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம்

வீட்டில் மெஷின் வைத்து மரம் செதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் பக்கம் மாந்தோப்புக்குக் குறைவில்லை. காய்ப்பு நின்ற பழைய மரங்களை வெட்டும்போது நல்ல கட்டைகள் மலிவாகக் கிடைக்கும். அப்படி வாங்கி இரண்டு வருஷம் நிழலில் காயவைத்த மாம்பலகையில், தங்கச்சி வீட்டுப் பூஜை அறைக் கதவுக்காக ஒரு ஜோடி மயில் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரம். தனியாகச் செதுக்கி, பிறகு கதவில் பதிப்பதாக ஏற்பாடு.

மெஷின் நானே சேர்த்தது. அரை ஹெச்பி மோட்டார், நிமிஷத்துக்கு 2800 சுற்று. அதன் 14 மில்லி தண்டில் ஒரு இரும்புக் குழல் மாட்டியிருக்கிறது. குழலின் மறுமுனை டேப்பராக, அதாவது நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் கூம்பாக இருக்கும். அந்த டேப்பரில் 13 மில்லி டிரில் சக், அதாவது பிட்டை மூன்று ஜாவால் (தாடையால்) கவ்விப் பிடிக்கும் தலை. மோட்டார் மேஜையில் போல்ட் போட்டு நிற்கும். மரத்தைத்தான் கையில் பிடித்து, சக்கில் மாட்டிய பர்ருக்கு (மரத்தைக் குடையும் பிட்) கொண்டுபோக வேண்டும்.

முதல் மயிலின் தோகையில் கண்களைக் குடையும்போதுதான் கோளாறு தெரிந்தது. உருண்டைப் பர்ரை வைத்தால் வட்டமாகக் குழிய வேண்டும். அது முட்டை முட்டையாகத் தின்றது. கையில் இருந்த பலகை நடுங்கியது. மோட்டாரை அணைத்துவிட்டு, சுற்று குறைந்து நிற்கப்போகும் நேரத்தில் உற்றுப் பார்த்தேன். பர்ரின் முனை ஒரு புள்ளியாகத் தெரியவில்லை, சின்ன வளையமாகத் தெரிந்தது.

அப்போது நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன், யாரும் செய்யாதீர்கள். ஒன்று, ஆட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து சக்கின் பக்கவாட்டில் சுத்தியால் தட்டினேன். ஐந்து நிமிஷம் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி ஆடியது. இரண்டாவது, சக்கின் ஜா இறுக்கமாக நகர்கிறது என்று தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். மறுநாள் காலை மரத்தை ஓரமாக அழுத்தினேன். சக் அப்படியே கழன்று, சுழன்றபடி மேஜையில் விழுந்து, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் அடித்தது. அடி படவில்லை. ஆனால் உள்ளே இருந்து ஓடிவந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த லேத்துப் பட்டறை ஒன்று உண்டு. முதல் குழல் வேறு இடத்தில் கடைந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டு அந்தப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சக்கின் பின்துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“எண்ணெய் விட்டியா தம்பி?”

“ஜா நகரலேன்னு விட்டேண்ணா.”

“ஜாவுக்கு விடு, வேணாங்கல. ஆனா ஒரு சொட்டு போதும். டேப்பர்ல எண்ணெய் பட்டா அது புடிக்காது. காஞ்ச இரும்பைக் காஞ்ச இரும்புதான் கவ்வும்.”

அப்புறம் அவர் செய்த முறைதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நான் சக்கிலிருந்து பின்னோக்கிப் போனேன். அவர் மோட்டார் தண்டிலிருந்து முன்னோக்கி வந்தார். சக்கையும் குழலையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தண்டில் டயல் கேஜின் (சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) நுனியை வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றினார். முள் இரண்டு கோடு நகர்ந்தது, அதாவது 0.02 மில்லி. “தண்டு நல்லாருக்கு, பேரிங்கும் நல்லாருக்கு” என்றார். பிறகு குழலை மாட்டினார். முள் பன்னிரண்டு கோடு போனது. சக்கை இன்னும் தொடவே இல்லை!

குழலின் துளை 14.1 மில்லி இருந்தது. தண்டு 14. ஒரு பக்கத்தில் மட்டும் கிரப் ஸ்குரு, குழலைத் தண்டோடு பிடிக்கும் தலையில்லாத ஸ்குரு. அதை இறுக்க இறுக்க, அந்த இடைவெளி முழுவதும் ஸ்குரு இருக்கும் பக்கமே சேரும். மையம் 0.05 மில்லி விலகினால் முள் காட்டும் ஆட்டம் அதைப்போல இரண்டு மடங்கு, 0.1. சக்கில் தெரிந்த மிச்ச ஆட்டம் என் சுத்தி செய்த வேலை. டேப்பரில் நீல மை தடவி சக்கைப் போட்டு எடுத்தபோது, மை முழுக்கப் பரவாமல் ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. அங்கே நகத்தால் தடவினால் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. பக்கவாட்டில் நான் அடித்ததில் எழும்பிய மேடு அது.

புதுக் குழலுக்குத் துளையைத் தண்டுக்கு ஏற்றபடி, கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கடைந்தார். துளையை முடித்த பிறகு, அந்தத் துளைக்குப் பொருந்தும் மேண்ட்ரல் (லேத்தில் சுழலும் நேரான உருளை) மேல் குழலை ஏற்றி, அதன் மேலேயே டேப்பரைக் கடைந்தார். அப்போதுதான் துளைக்கும் டேப்பருக்கும் மையம் ஒன்றாக இருக்குமாம். தண்டில் கிரப் ஸ்குரு உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக்கினார், ஸ்குரு எழுப்பும் பிசிர் குழலைத் தூக்காமல் இருக்க. ஸ்குரு மரையில் நீல லாக்டைட் ஒரு துளி. டேப்பரில் எந்தப் பசையும் கிடையாது. இரண்டு முகத்தையும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வேறு துணியால் இன்னொரு முறை துடைத்தார். ஜாக்களை உள்ளே முழுக்க இழுத்துக்கொண்டு, சக்கின் முகத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, மரச்சுத்தியால் நேராக ஒரே ஒரு அடி. ஜா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் ஜா கெட்டுவிடும்.

இப்போது குழலில் ஆட்டம் 0.03. சக்கில் நேரான கம்பியைப் பிடித்துப் பார்த்தால் 0.09. டிரில் சக்குக்கு அது போதும் என்றார். உங்களுக்கு எங்கே ஆடியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எழுதுங்கள்.

பாலக்கோடு

எனக்கு சக் பழுதே இல்லை அண்ணா, பர்ரின் தண்டு வளைந்திருந்தது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு கட்டையில் பென்சிலைப் படுக்க வைத்து, முனையை பர் தண்டுக்கு அருகில் கொண்டுபோய்க் கையால் சுற்றுங்கள். ஆட்டம் வெளியே தள்ளும் பக்கத்தில் பென்சில் கோடு விழும். சக்கிலும் அதே நேரே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பர்ரை லூசாக்கி அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுக் கோடு சக்கின் கோட்டுக்கு நேராகவே விழுந்தால் கோளாறு சக்கில். பர்ரோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போயிருந்தால் பர்தான் வளைவு. நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் புது சக் வாங்கிவிட்டேன். பழையதும் நன்றாகத்தான் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஓசூர்

சிப்காட்டில் டூல் ரூமில் இருபது வருஷமாக வேலை. காவேரிப்பட்டணத்து நண்பர் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது, அதனால்தான் இரவு ஷிஃப்ட் முடிந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன். டேப்பரைச் சுத்தம் செய்தது சரி. ஆனால் உங்கள் சக் கழன்று விழுந்ததற்கு எண்ணெய் பாதிக் காரணம்தான்.

சாவி போட்டு இறுக்கும் இந்த மூன்று ஜா சக்குக்கு ஜேக்கப்ஸ் என்பவர் 1902-ல் காப்புரிமை வாங்கினார். துளை போடுவதற்கான சக் அது. துளை போடும்போது விசை நேராக உள்ளே தள்ளும், தள்ளத் தள்ள டேப்பர் இன்னும் இறுகும். செதுக்கும்போது விசை முழுக்கப் பக்கவாட்டில் வருகிறது. பக்கத்து அழுத்தமும் நடுக்கமும் சேர்ந்தால், எண்ணெய் இல்லாத டேப்பரும் நாள்பட நழுவும். மில்லிங் மெஷினில் டிரில் சக்கைப் போட்டுப் பக்கவாட்டில் வெட்டக் கூடாது என்று பழகுகிற பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவோம்.

செதுக்க கோலட் போடுங்கள், பர் தண்டைச் சுற்றிலும் சீராக இறுக்கிப் பிடிக்கும் பிளவுகள் போட்ட உறை அது. ஈஆர் என்ற கோலட் வகையில் ஈஆர்11 என்றால் 7 மில்லி வரை பிடிக்கும், ஈஆர்16 என்றால் 10 மில்லி வரை. உங்கள் மோட்டார் தண்டில் நேரடியாக மாட்டுகிற, டேப்பர் இல்லாத கோலட் ஹோல்டர் கிடைக்கிறது. தண்டு அளவைச் சொல்லி 14 மில்லித் துளை வாங்குங்கள். மாட்டும்போது கோலட்டை முதலில் நட்டுக்குள் ‘டிக்’ என்று உட்கார வைத்துவிட்டு, பிறகுதான் ஹோல்டரில் திருக வேண்டும். பலர் கோலட்டை ஹோல்டரில் போட்டு அதன் மேல் நட்டைத் திருகுகிறார்கள். அப்படிச் செய்தால் புதுக் கோலட்டும் ஆடும்.

இன்னொன்று பர் அளவு. 3 மில்லித் தண்டும் உண்டு, ஒரு நூல் தண்டும் உண்டு. ஒரு நூல் என்பது 3.175 மில்லி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு நூல் கோலட்டில் 3 மில்லித் தண்டைப் போட்டால் பிடிப்பதுபோல் பிடிக்கும், ஆனால் நுனி ஆடலாம். அளவுக்கு அளவு தனிக் கோலட் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கையே வைத்து ஓட்டுகிறவர்கள் ஒன்றாவது செய்யுங்கள். சாவித் துளை மூன்று இருக்கிறது, மூன்றிலும் சாவி போட்டு இறுக்குங்கள். ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிடிப்பு ஒரு பக்கமாகப் போகும். சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள்.

அரூர்

கை டிரில்லை ஸ்டாண்டில் மாட்டிச் செதுக்குகிறவன் நான். அதில் டேப்பர் கிடையாது, சக் மரையில் ஏறியிருக்கும். முன்னும் பின்னும் சுற்றும் டிரில் என்றால், ஜாவை முழுக்கத் திறந்து உள்ளே பார்த்தால் அடியில் ஒரு ஸ்குரு தெரியும். அது இடது மரை. நான் வழக்கம்போல இடப்பக்கம் திருகித் திருகி, இறுக்கியே அதன் தலையை மழுக்கிவிட்டேன். அதை வலப்பக்கம் திருகினால்தான் கழலும். அது கழன்ற பிறகு சக்கை வழக்கம்போல இடப்பக்கம் திருகிக் கழற்றலாம். வரவில்லை என்றால் பெரிய எல் கீயை சக்கில் பிடித்து, அதன் நீண்ட கையில் ஒரு தட்டு. எனக்கு மரையில் மரத்தூள் புகுந்து, சக் கடைசி வரை உட்காராமல் நின்றதுதான் ஆட்டத்துக்குக் காரணம். பழைய பல் பிரஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

பென்னாகரம்

ஃப்ளெக்சிபிள் ஷாஃப்ட், அதாவது மோட்டாரிலிருந்து கைப்பிடி வரை வளைந்து போய்ச் சுழலும் தண்டு வைத்திருப்பவர்களுக்கு. கைப்பிடியில் ஆட்டம் வந்தால் சக்கைக் குறை சொல்வதற்கு முன், ஷாஃப்ட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பாருங்கள். நான் மோட்டாரை மேஜையில் படுக்க வைத்திருந்தேன், ஷாஃப்ட் கூனிக்கொண்டு போனது. கைப்பிடி சுட்டது, துள்ளியது. இப்போது மோட்டார் உத்திரத்தில் கொக்கியில் தொங்குகிறது. சாப்பாட்டுத் தட்டின் வளைவைவிடக் குறுக்காக ஷாஃப்ட் எங்கேயும் மடங்காமல் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் கம்பியை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு போட்டேன், மெலிதாக. துள்ளல் நின்றுவிட்டது.

தர்மபுரி

டயல் கேஜ் இல்லாதவர்கள் எப்படி அளப்பது? எனக்கு இது ஒன்றுதான் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குப் போக முடியாது.

காவேரிப்பட்டணம்

தர்மபுரி நண்பருக்கு: நான் வீட்டில் ஊசியும் பேப்பரும் வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரு மரக்கட்டையில் தையல் ஊசியைக் குத்தி வையுங்கள். சக்கில் நேரான கம்பி ஒன்றைப் பிடியுங்கள். டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கம் நல்லது. ஊசி முனை கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினால் இடைவெளி திறந்து மூடுவது தெரியும். அதிகமாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ஜெராக்ஸ் பேப்பரை நுழைத்துப் பாருங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லி. ஒரு தாள் இறுக்கமாக நுழைந்தால் 0.1, இரண்டு நுழைந்தால் 0.2. சக் வாய்க்கு அருகில் ஒரு தடவை, அங்கிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு தடவை. இரண்டிலும் ஒரே அளவு என்றால் மையம் விலகியிருக்கிறது, குழலைப் பாருங்கள். தள்ளிப் போகப்போக அதிகமானால் சாய்ந்திருக்கிறது, டேப்பரில் தூசியோ பிசிரோ இருக்கும்.

ஓசூர் அண்ணனுக்கு: நீங்கள் எழுதிய அன்றைக்கே மோட்டாரை நிறுத்திவிட்டேன். பட்டறை அண்ணனிடம் காட்டினேன், அவரும் “அவர் சொல்றதுதான் சரி, பக்கவாட்டு வேலைக்கு சக் வேணாம்” என்றார். 14 மில்லித் துளையோடு ஈஆர்16 ஹோல்டர் வாங்கி மாட்டியாகிவிட்டது. ஊசி வைத்துப் பார்த்தால் ஒரு தாள்கூட நுழையவில்லை. உருண்டைப் பர்ரை ஒரு கழிவுத் துண்டில் வைத்துப் பார்த்தேன். வட்டமாகக் குழிந்தது, ஓரம் கிழியவில்லை, கையில் நடுக்கம் இல்லை. சக்கை இனிமேல் துளை போட மட்டும்தான் எடுப்பேன். முதல் மயிலில் முட்டையாகிப்போன நாலு கண்களையும் கொஞ்சம் பெரிதாக்கி வட்டமாக்கிவிட்டேன். இரண்டாவது மயிலை நாளை தொடங்குகிறேன்.