உபரி உணவை ஏற்றிச் செல்ல வண்டியா, பசித்தவர் கையில் பணமா?

சரக்கு வண்டி:
2020 ஏப்ரலில் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். அதே வாரங்களில் அங்கே, இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிகளுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. பள்ளிகளும் உணவகங்களும் திடீரென மூடிவிட்டன. அவற்றுக்கென்று அடைத்து அனுப்பிவந்த பாலை வீடுகளுக்கு ஏற்ற அளவில் உடனே மாற்றி அடைக்கவோ, வேறு பக்கம் திருப்பி விடவோ ஏற்பாடு இல்லை. பொருள் இருந்தும் போய்ச்சேர வழியில்லை, அவ்வளவுதான். அதனால் சொல்கிறேன்: நெருக்கடி நேர நிவாரணத்தில் முதல் பணம் வண்டிக்கும் குளிர்பதனத்துக்கும் போக வேண்டும்.

வரவு செலவு:
நண்பரே, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாடகை, டீசல், ஓட்டுநர் கூலி என்று செலவழித்து எதைக் கொண்டுவருகிறோம்? இன்று என்ன வரும், நாளை வருமா என்று யாருக்கும் தெரியாத பொருளை. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் சொன்னது இதுதானே: அரிசி விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை, அதனால் கூலித் தொழிலாளிகளால் வாங்க முடியவில்லை. பசித்தவருக்குப் பணம் கொடுங்கள். குழந்தைக்கு எது வேண்டும் என்று தாய்க்குத் தெரியும். அடுத்தவர் வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கிக்கொள்ள அவரை ஏன் வரிசையில் நிறுத்த வேண்டும்?

சரக்கு வண்டி:
கடை திறந்திருந்தால் பணம் போதும், சரி. வெள்ளத்தில் கடையே மூழ்கிக் கிடந்தால்? அப்புறம், உபரி என்றால் யாரோ தின்று மீந்தது என்று நினைக்காதீர்கள். அட்டை நசுங்கிய பெட்டி, ரத்தான ஆர்டர், அளவில் சிறுத்த காய், இவைதான் பெரும்பாலும். 1967இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியதே, கடைகள் தூக்கியெறிந்த நல்ல பொருள்களைச் சேர்த்துத்தான்.

பொதுச் சமையல்:
நான் நிவாரண முகாம்களில் சமைப்பவள். இரண்டு பேருமே கடிகாரத்தை மறந்துவிட்டீர்கள். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் விதி. பெரிய அண்டாவில் மூடி வைத்தால் மேலே ஆறிவிடும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதில்தான் ஆபத்து. "மறுபடி கொதிக்க வைத்தால் போச்சு" என்பார்கள். போகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் உண்டாக்கும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. மருத்துவரும் கழிப்பறையும் போதாத முகாமில் வாந்தி பேதி கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடுப்பிலிருந்து எப்போது இறக்கினோம் என்று சொல்ல முடியாதவரிடம் நான் வாங்குவதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள், கோபிக்கட்டும். அடுப்பே இல்லாத குடும்பங்களுக்குப் பச்சைக் காய்கறி மூட்டை இறக்கிவிட்டுப் போவதும் உதவி இல்லை. என்ன வேண்டும் என்று முதலில் எங்களிடம் கேளுங்கள்.

வரவு செலவு:
நான் சொல்வதற்கு இதுவே வலு சேர்க்கிறது. இன்னொன்றும் பாருங்கள். 2020 மார்ச்சில் மக்கள் பயந்து வாங்கிக் குவித்ததும் கடை அலமாரிகள் காலி. கடைகளிலிருந்து உணவு வங்கிகளுக்கு வந்த உபரியும் குறைந்தது. தேவை ஏறும்போது வரத்து இறங்குகிறது! இதில் கடைக்காரருக்குக் குப்பை அகற்றும் செலவு மிச்சம். அந்தச் சுமையை நிவாரணப் பணத்தில் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

சரக்கு வண்டி:
கடைசிக் கேள்வி நியாயமானது. குப்பைக்கு அனுப்பச் செலவழித்திருப்பார்கள் அல்லவா, அந்தப் பணத்தை வண்டி வாடகைக்குத் தரட்டும். பிரான்சில் 2016 முதல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உணவுக் கடைகள் ஏதாவதொரு தொண்டு அமைப்புடன் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். "யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் வழக்கு வருமே" என்று தயங்குபவர்களுக்காக அமெரிக்கா 1996லேயே சட்டம் போட்டுவிட்டது. பெரிய அலட்சியம் இல்லாமல் நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மீது பொறுப்பு வராது.

வரவு செலவு:
சட்டம் இருக்கட்டும், அளவைப் பாருங்கள். 2022இல் உலகில் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது என்கிறது ஐநா சுற்றுச்சூழல் திட்டம். அதில் 60 விழுக்காடு வீடுகளில். எந்த வண்டி போய் அதை அள்ளும்?

சரக்கு வண்டி:
வீட்டை விடுங்கள். அதே கணக்கில் கடைகளில் மட்டும் ஏறத்தாழ 13 கோடி டன் இருக்கிறது. அதில் பாதி கெட்டுப்போயிருந்தாலும் மீதிக்கு வண்டி வேண்டும்தானே?

பொதுச் சமையல்:
வண்டி வரட்டும், ஆனால் உறையிட்ட பொருளும் உலர்பொருளும் மட்டும். சமைத்ததை வேண்டுமானால் பக்கத்திலேயே, சூடு ஆறுமுன் பரிமாற முடிந்த தூரத்துக்குள் கொடுங்கள். கடைகள் திறந்ததும் வரவு செலவு அவர்கள் சொல்வதுபோல் கையில் பணம் கொடுக்கத் தொடங்கலாம். எனக்கு அதில் மறுப்பில்லை.

வரவு செலவு:
கடை திறந்த அன்றே தொடங்க வேண்டும், அம்மா. அது ஒரு மாதம் தள்ளிப்போனால் நான் மறுபடி இங்கே வந்து கேட்பேன்.