சிறுவர் கேஸ்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை அக்கா:
பக்கத்து வீட்டுப் பையன், பதினாறு வயது. செல்போன் பறிப்பில் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தான் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். எனக்கு ஆறாதது ஒன்றுதான். அவன் அம்மா பத்தாம் வகுப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரோடு நீட்டினார். ஏட்டு பிரிக்கவே இல்லை. "மீசையைப் பாரும்மா, இவன் பையனா?" என்றார். விடியும்வரை லாக்கப்பில், பெரிய ஆட்களோடு.

காசிமேடு மீன் வியாபாரி:
அக்கா, நீங்கள் பையன் பக்கமே பேசுகிறீர்கள். என் அத்தையின் தாலிச் செயினை அறுத்தவனுக்கும் பதினேழுதான். ரோட்டில் இழுபட்டு அத்தையின் முழங்கை கிழிந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் கேஸை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் சாட்சி சொல்லப் போனபோது பார்த்தோம், அம்மா முந்தானையைப் பிடித்தபடி நின்றான். சாபம் விடவே வந்த அத்தை அவனிடம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுத்தார்கள்?

தண்டையார்பேட்டை, வக்கீல் குமாஸ்தா:
அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் பெரியவர்கள் ஜெயிலில் போட்டிருந்தால் மட்டும் அந்தச் செலவு வந்திருக்குமா? 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால், பெரியவர்களைப் போல விசாரிக்க 2015 இளைஞர் நீதிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அக்கா, மீசையைப் பார்த்து வயதை முடிவு செய்ய ஸ்டேஷனுக்கு அதிகாரமே கிடையாது. அதே சட்டத்தின் 94-வது பிரிவைப் பாருங்கள்: முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளை இருக்கிற வீட்டில் சான்றிதழை போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். இலவச சட்ட உதவி வக்கீலையும் கேட்டு வாங்குங்கள். புதுச் சட்டம் வேண்டாம், இருப்பதை அந்த முதல் ராத்திரியில் நடத்தினால் போதும். நான் பார்த்தது: ஒரு பையனைக் கைவிலங்கோடு கூட்டி வந்தார்கள். குழுமத்து மேடம் முதலில் அதைக் கழற்றச் சொன்னார், அப்புறம்தான் பேரையே கேட்டார்.

புளியந்தோப்பு அண்ணன்:
வெளியே வந்த பிறகு நடப்பதை யாரும் சொல்லவில்லை. என் தம்பி கூர்நோக்கு இல்லத்திலிருந்து, அதாவது கேஸில் சிக்கிய சிறுவர்களை விசாரணை நடக்கும்போது வைக்கிற இடத்திலிருந்து, வந்து ஏசி மெக்கானிக் வேலை கற்றான். பழைய பதிவை அழிக்கணும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் எலெக்‌ஷன் வந்தாலே தெருவில் ஜீப் நிற்கும், அவனைக் கூப்பிட்டு போட்டோ எடுப்பார்கள். போன தடவை கடை ஓனர் கண்ணெதிரே எடுத்தார்கள். மறுநாள் வேலை போயிற்று. குமாஸ்தா சார், இதற்கு யாரிடம் மனு கொடுக்கணும்?