பதற்ற மாத்திரையும் விடியற்காலை நாலு மணியும்: உங்கள் அனுபவம்?

தூங்காவிழி:
ஆறு மாதமாக ராத்திரி 0.5 மி.கி. அல்பிரசோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஓயாத சோர்வு என்று போனதில், காலை எட்டு மணிக் கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கும் மன அழுத்த ஹார்மோன்) பார்க்கச் சொன்னார்கள். குறைவாக வந்தது. அட்ரினல் சுரப்பியே போய்விட்டதோ என்று ஒரு வாரம் கூகுளே கதி.

ஹார்மோன் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டும் முன்பே, "ராத்திரி என்ன மாத்திரை போடறீங்க?" என்றார். நான் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. தூக்கத்துக்குப் போடுவதெல்லாம் மருந்துக் கணக்கா என்ற நினைப்புதான்.

சீட்டின் பின்பக்கம் மூன்று வட்டம் போட்டார். மேலே மூளையில் ஹைப்போதலாமஸ், நடுவில் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கீழே சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல். மேலிருந்து சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் வந்து பிட்யூட்டரியைத் தட்டும், அது ஏ.சி.டி.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பும், அதைப் பார்த்து அட்ரினல் கார்ட்டிசால் சுரக்கும். முதல் வட்டத்தைப் பேனாவால் தட்டி, "இங்க காபாங்கிற, மூளையை அமைதிப்படுத்துற ரசாயனம் பிரேக் போடுது. உங்க மாத்திரை அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துது. அட்ரினல் நல்லாவே இருக்கலாம், பார்த்துடுவோம்" என்றார். செயற்கை ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் ரத்தம் எடுத்தார்கள். கார்ட்டிசால் ஒழுங்காக ஏறியிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். மாத்திரைதானே வில்லன் என்று நானாகவே ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 118. மாத்திரை தொடங்கும் முன்புகூட இப்படி இருந்ததில்லை. வேறு யாருக்காவது?

மழைக்காகம்:
எனக்கு. இரண்டு வருடம் இதே வகை மாத்திரையான குளோனசெபம், அப்புறம் ஊருக்குப் போனபோது தீர்ந்துபோய் நாலைந்து நாள் இல்லாமல். நாள்பட்டால் மூளை அந்தக் கூடுதல் பிரேக்குக்குப் பழகித் தன் பக்கத்தில் தளர்த்திக்கொள்கிறது. திடீரென மருந்து போனால் தடுக்க ஆளில்லை, ஏ.சி.டி.எச்., கார்ட்டிசால் எல்லாம் மேலே. விடியற்காலையில் ஏன் என்றால், கார்ட்டிசால் இயல்பாகவே ஏறும் நேரம் அது. உங்கள் அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் அடியும் சீக்கிரம் விழும். தயவுசெய்து இன்றே டாக்டரிடம் பேசுங்கள். திடீர் நிறுத்தத்தில் வலிப்புகூட வரலாம்.

சோதனைக்குழாய்:
லேபில் வேலை. ரத்தம் எடுக்கும்போது மாத்திரை கேட்டால் பிபி, சுகர் மட்டும்தான் சொல்வார்கள். கார்ட்டிசாலைக் குறைக்கக்கூடிய இழுக்கும் ஸ்டீராய்டு, தோலுக்குப் போடும் ஸ்டீராய்டு களிம்பு, ராத்திரி மாத்திரை எதுவும் வாயில் வராது.

பழைய நோயாளி:
எல்லாப் பழியையும் கார்ட்டிசால் தலையில் கட்ட வேண்டாம். வருடக்கணக்கில் இதே வகை டயசெபம் போட்டபோதும் என் கார்ட்டிசால் அளவுக்குள்தான் இருந்தது. அந்த அடக்கும் வேலைக்கும் சிலர் உடம்பு பழகிவிடும் என்றார் டாக்டர். நிறுத்தும்போது வரும் படபடப்பில், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் நார்அட்ரினலினுக்கும் பங்கு உண்டு.

தூங்காவிழி:
போய்வந்தேன், நல்ல திட்டு. பழைய அளவே மறுபடி, பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பு. இப்போது இரண்டாவது படியில் இருக்கிறேன். நேற்று ஐந்தரை வரை தூங்கினேன்.